கரண்ட் வந்த பிறகு கிளையண்ட் எல்லாம் பி.எக்ஸ்.இ. இ53-இல் நிற்கிறது

பி.எக்ஸ்.இ. என்பது கிளையண்ட் மெஷின் நெட்வொர்க் வழியாக சர்வரிலிருந்து பூட் ஆகும் முறை. அதில் இ53 பிழை என்றால் ஐ.பி. முகவரி கிடைத்துவிட்டது, பூட் கோப்பின் பெயர்தான் வரவில்லை என்று அர்த்தம். எனவே கிளையண்ட்கள் சர்வரிலிருந்து எடுத்து ஓட்டும் சிஸ்டமான எல்.டி.எஸ்.பி. இமேஜைத் திரும்ப உருவாக்க வேண்டாம். கிளையண்ட் இன்னும் அதுவரை போகவே இல்லை.

கோத்தகிரியில் மழைக்கு கரண்ட் போய் வந்ததும் 12 மெஷினும் நின்றுவிட்டன என்கிறீர்கள். ரவுட்டர் சீக்கிரம் எழுந்து முகவரி கொடுத்துவிடும். கோப்பின் பெயரைச் சொல்ல வேண்டியது சர்வரில் உள்ள டிஎன்எஸ்மாஸ்க் என்ற புரோகிராம். சர்வர் எழுந்திருக்க நேரமாகும், அதற்குள் கிளையண்ட்கள் கேட்டுவிட்டு நின்றுவிடும். குன்னூரில் நான் பார்த்துக்கொள்ளும் லேபிலும் ஆடி மாதத்தில் இதே தொல்லைதான்.

1. சர்வர் முழுதாக எழுந்ததும் ஒரே ஒரு கிளையண்டை மட்டும் போடுங்கள். பூட் ஆனால் காரணம் இதுதான். இனி கரண்ட் வந்ததும் கிளையண்ட்கள் தானாக எழாதபடி அவற்றின் பயாஸ் செட்டிங்கில் மாற்றிவிடுங்கள்.

2. அப்போதும் இ53 வந்தால் டிஎன்எஸ்மாஸ்க்கை ரீஸ்டார்ட் செய்து, அதன் லாக்கை (பதிவுக் கோப்பை) திறந்து வைத்துக்கொண்டு கிளையண்டைப் போடுங்கள். கிளையண்டின் மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) லாக்கில் வராவிட்டால் சுவிட்சையும், ஃபயர்வாலில் யுடிபி 67, 4011 போர்ட்களையும் பாருங்கள்.

ஒன்று மட்டும்: ஐ.பி. முகவரி கொடுக்கும் ரவுட்டரின் டிஹெச்சிபியை அவசரப்பட்டு அணைக்காதீர்கள். டிஎன்எஸ்மாஸ்க் ப்ராக்ஸி முறையில் இருந்தால் அது பூட் தகவலை மட்டும் சொல்லும், முகவரி தராது. அப்புறம் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கும் நெட் போய்விடும்.