எடை மட்டும் பார்த்தால் போதுமா? குறைமாதக் குழந்தைகளின் வளர்ச்சி: கேள்வி பதில்

கேள்வி: மகள் 28 வாரத்தில் பிறந்தாள். ஆறு மாதம் முடிந்தும் ரொம்பச் சின்னதாக இருக்கிறாளே?

40 வாரத்தில் 28 போனால் 12 வாரம். அதைக் கழித்தால் அவளுடைய திருத்திய வயது மூன்று மாதத்தைச் சற்றுத் தாண்டியிருக்கும், அவ்வளவுதான். எடை, நீளம், தலைச்சுற்றளவு மூன்றையும் இரண்டு வயதுவரை இந்த வயதுக்கே குறிக்கச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிடுவதை விட்டுவிடுங்கள்.

கேள்வி: பிரசவத் தேதியாகக் குறித்திருந்த நாளையொட்டி எடுத்த பரிசோதனையில் உடலில் கொழுப்பு விகிதம் அதிகம் என்றார்கள். இத்தனை மெலிந்த குழந்தைக்கு எப்படி? பாலைக் குறைக்கவா?

குறைக்கவே குறைக்காதீர்கள். கருவில் கடைசி மூன்று மாதம் தசையும் உறுப்புகளும் எலும்பும் வேகமாகச் சேரும் காலம். அதற்கான புரதம் நஞ்சுக்கொடி வழியே இடைவிடாமல் வந்துகொண்டிருக்கும். முன்கூட்டியே பிறந்ததும் அந்த வரத்து அறுந்துபோகிறது. நோய்த்தொற்றும் மூச்சுச் சிக்கலும் வேறு சேர்ந்துகொள்ளும். கலோரி எப்படியோ கிடைத்துவிட, புரதம் பின்தங்கினால் கூடும் எடையில் கொழுப்பின் பங்கு பெருகுகிறது. அதனால்தான் நிறைமாதத்தில் பிறந்தவர்களைவிட இவர்கள் எடையிலும் நீளத்திலும் குறைவாக இருந்தும், கொழுப்பு விகிதத்தில் கூடுதலாக இருக்கிறார்கள். நிஜத்தில் இது தசைக் குறைவு. நீங்கள் அதிகமாக ஊட்டியதால் வந்ததல்ல.

கேள்வி: தாய்ப்பாலில் பவுடர் கலக்கச் சொல்கிறார்கள். என் பாலில் சத்து இல்லையா?

உங்கள் பால்தான் சிறந்தது. குடலைத் தாக்கும் கொடிய அழற்சியிலிருந்து காப்பதில் அதற்கு ஈடில்லை. ஆனால் எடை மிகக் குறைந்த குழந்தைக்கு ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 3.5 முதல் 4 கிராம் புரதம் வேண்டும். 100 மில்லி பாலில் இருப்பதோ ஏறத்தாழ 1 கிராம். கிலோவுக்கு 160 மில்லி கொடுத்தாலும் பாதியைத் தொடுவதே கடினம். கால்சியமும் பாஸ்பரசும் அப்படித்தான். அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் செறிவூட்டும் பவுடர். எவ்வளவு, எதுவரை என்பதை மருத்துவரே சொல்லட்டும்.

கேள்வி: சீக்கிரம் எடை ஏற என்ன கொடுக்கலாம்?

கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேளுங்கள்: நீளம் கூடுகிறதா? எடை ஏறி நீளம் நின்றால் சேர்வது பெரும்பாலும் கொழுப்பு. நீளம்தான் தசை, எலும்பு வளர்ச்சிக்கு நம்பகமான அடையாளம். தசையும் உறுப்புகளும் நன்றாகச் சேரும் குழந்தைகளின் மூளை வளர்ச்சியும் மேம்பட்டிருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. எடையை மட்டும் எழுதித் தருகிறார்களா? நீளப் பலகையில் படுக்கவைத்து அளக்கச் சொல்லிக் கேளுங்கள். தயங்க வேண்டாம், அது உங்கள் உரிமை.

கேள்வி: பெரியவனானதும் இரத்த அழுத்தம் வருமா?

குறைமாதத்தில் பிறந்தவர்களுக்குச் சராசரி இரத்த அழுத்தம் சற்றே கூடுதல் என்பது உண்மை. எல்லோருக்கும் நோய் வரும் என்று இதற்குப் பொருளில்லை. வழக்கமான பரிசோதனைகளில் இரத்த அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். பிறந்த வாரத்தையும் எடையையும் புதிதாகப் பார்க்கும் ஒவ்வொரு மருத்துவரிடமும் மறக்காமல் சொல்லுங்கள். அவன் வளர்ந்த பிறகும்தான்.