ஸ்கேனில் 'சுருக்கம்' என்று வந்திருக்கிறது, மூளை தேய்கிறதா?

வாசகர் கேள்விகள்: டெம்போரல் லோப் வலிப்பு

என் மகனுக்கு 19 வயது. ஆறு வருடமாக ஃபிட்ஸ். எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் 'இடது மீசியல் டெம்போரல் ஸ்கிளிரோசிஸ், ஹிப்போகேம்பஸ் அளவு குறைவு' என்று போட்டிருக்கிறார்கள். மூளை சுருங்கிக்கொண்டே போகுமா? கல்லூரிப் படிப்பு என்னாகும்?
– ஒரு தாய், திண்டுக்கல்

ரிப்போர்ட் சொல்வது மூளை முழுவதையும் அல்ல, ஒரு சின்ன உறுப்பை. காதுக்கு மேலே, கன்னப்பொறிக்கு உள்பக்கம் இருப்பது டெம்போரல் லோப். அதன் உள்மடிப்பில் ('மீசியல்' என்பது அதுதான்) பக்கத்துக்கு ஒன்றாக, நாலைந்து செ.மீ. நீளத்தில், நினைவைப் பதிய வைக்கும் ஹிப்போகேம்பஸ் இருக்கிறது. பெரியவர்களுக்கு ஒவ்வொன்றும் ஏறக்குறைய 3 கன செ.மீ. அங்கே நியூரான்கள் (நரம்பு செல்கள்) மடிந்து, அந்த இடத்தை அவற்றுக்குத் துணையாக இருக்கும் கிளையல் செல்கள் தழும்புபோல நிரப்பி இறுகிவிடுவதுதான் ஸ்கிளிரோசிஸ். எல்லாப் பகுதியும் ஒரே அளவில் பாதிக்கப்படுவதில்லை. சி.ஏ.1, சி.ஏ.4 என்று பெயரிட்ட பகுதிகள்தான் அதிகம் அடிவாங்கும். இடையில் உள்ள சி.ஏ.2 பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும். இந்தச் சேதத்தை ஜெர்மனியின் சோமர் 1880-லேயே எழுதி வைத்திருக்கிறார்.

இடது பக்கம் என்பதால் வார்த்தை வழி நினைவு கொஞ்சம் தடுமாறலாம்: பெயர்கள், வகுப்பில் காதால் கேட்டது, பட்டியல்கள். எழுதி வைத்து, படம் வரைந்து, பல நாள் பிரித்துத் திரும்பப் படிக்கும் பழக்கம் உதவும். ஆனால் மறதி முழுவதையும் சுருக்கத்தின் தலையில் கட்டிவிடாதீர்கள். ராத்திரியில் யாரும் பார்க்காமல் வரும் ஃபிட்ஸ், தூக்கக் குறைவு, மனச்சோர்வு, சில மாத்திரைகள் எல்லாமே நினைவைக் கெடுக்கும். டோபிராமேட் எடுப்பவர்களில் சிலருக்கு வார்த்தை நாக்கு நுனியில் நின்றுவிடும். நினைவு, மொழி, கவனம் ஆகியவற்றை அளக்கும் நியூரோசைக்காலஜி பரிசோதனை ஒருமுறை செய்துவிட்டால் எது எதனால் என்று ஓரளவு பிரித்துப் பார்க்கலாம்.

சுருக்கத்தால் வலிப்பு வந்ததா, வலிப்பால் சுருக்கம் வந்ததா? என் மகளுக்கு ஒன்றரை வயதில் காய்ச்சலில் வலிப்பு வந்தது.
– வாசகர், திருநெல்வேலி

இரண்டு வழியும் உண்டு. காய்ச்சலில் ஓரிரு நிமிடம் வந்து நின்றுவிடும் சாதாரண வலிப்பால் ஹிப்போகேம்பஸ் கெடுவதில்லை. அதற்காக எந்தப் பெற்றோரும் குற்ற உணர்ச்சியில் வாடத் தேவையில்லை. கவலைக்குரியது 30 நிமிடத்துக்கு மேல் நீடிப்பது. அமெரிக்காவில் அப்படிப்பட்ட குழந்தைகளுக்குச் சில நாளுக்குள் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்ததில், ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு ஹிப்போகேம்பஸ் வீங்கியதற்கான அடையாளம் இருந்தது. அவர்களில் பலருக்கு அந்த இடம் பின்னால் சுருங்கியது. வலிப்பின்போது நியூரான்களைத் தூண்டும் குளுட்டமேட் என்ற ரசாயனம் அளவுக்கு மீறிச் சுரந்து, கால்சியம் நியூரானுக்குள் வெள்ளமாய்ப் பாய்ந்து அதைக் கொல்கிறது. பிழைத்த நியூரான்கள் தப்பும் தவறுமாகப் புது இணைப்புகள் போட்டுக்கொள்ள, அதுவே அடுத்த வலிப்புக்கு ஊற்றாகிறது. இதற்குப் பல வருடம் பிடிக்கும். ஒன்றரை வயதில் நடந்ததன் விளைவு பதின்வயதில் தலைகாட்டுவது அதனால்தான்.

முதல் எம்.ஆர்.ஐ. 'நார்மல்'. இரண்டு வருடம் கழித்து வேறு இடத்தில் எடுத்ததில் 'ஸ்கிளிரோசிஸ்'. இரண்டு வருடத்தில் இவ்வளவு கெட்டுவிட்டதா?
– வாசகி, சென்னை

பெரும்பாலும் இல்லை. முதல் ஸ்கேனில் அது கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். தலைவலிக்கு எடுப்பதுபோல 5 மி.மீ. கனத்தில் குறுக்காக வெட்டினால், இத்தனை சின்ன உறுப்பு இரண்டு மூன்று படத்தோடு முடிந்துவிடும். சி.டி. ஸ்கேனில் சொல்லவே வேண்டாம்.

வலிப்புக்கென்று ஒரு முறை இருக்கிறது. சீட்டில் 'எபிலெப்ஸி புரோட்டோகால்' என்றும், எந்தப் பக்கம் சந்தேகம் என்றும் மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். அதில் மூன்று வரிசை (ஒரே இடத்தை வெவ்வேறு விதமாகக் காட்டும் படத் தொகுப்புகள்) கட்டாயம்: 1 மி.மீ. கனத்தில் முப்பரிமாண டி1, அதே கனத்தில் முப்பரிமாண ஃபிளேர், பிறகு ஹிப்போகேம்பஸின் நீளவாட்டுக்குச் செங்குத்தாக 2 அல்லது 3 மி.மீ. வெட்டில் கொரோனல் டி2. கோணம் சாய்ந்துவிட்டால் நல்ல பக்கமும் சின்னதாகத் தெரியும். கெட்ட பக்கம் நல்லதுபோலவும் தெரியலாம். 3 டெஸ்லா (காந்த சக்தியின் அளவு) மெஷின் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் சரியாக எடுத்த 1.5 டெஸ்லாவே போதும். முதல் முறைக்குப் பொதுவாக ஸ்கேனுக்கான கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றத் தேவையில்லை. தலை ஆடினால் எல்லாம் வீண். ஃபிலிம் மட்டும் வாங்கி வராமல், படங்கள் பதிந்த குறுந்தட்டையும் கேட்டு வாங்குங்கள். வலிப்பு மருத்துவர் ரிப்போர்ட்டைவிட அதைத்தான் நம்புவார்.

அவர் பார்ப்பது மூன்று: ஒரு பக்கம் அளவு குறைந்திருக்கிறதா, டி2-விலும் ஃபிளேரிலும் வெளுத்திருக்கிறதா, உள்ளே இருக்கும் அடுக்குகள் கலைந்திருக்கின்றனவா. நீண்ட வலிப்பு வந்த ஓரிரு நாளில் எடுத்தால் வெளுப்பு தற்காலிகமாகவும் இருக்கலாம். அப்போது சில மாதம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். சரியாக எடுத்தும் ஸ்கேனில் எதுவுமே தெரியாத டெம்போரல் லோப் வலிப்பும் உண்டு.

இந்த இழப்பு தொடருமா? மாத்திரைகளே மூளையைத் தேய்த்துவிடும் என்கிறார் உறவினர்.
– வாசகர், ஈரோடு

2018-இல் 14 நாடுகளைச் சேர்ந்த 2,000-க்கும் மேற்பட்ட வலிப்பு நோயாளிகளின் ஸ்கேன்களை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். மூளையின் நடுவில் உள்ள தாலமஸ், மூளையின் மேலுறை (கார்டெக்ஸ்) ஆகியவையும் மெலிந்திருந்தன. ஆக, விஷயம் ஹிப்போகேம்பஸோடு நிற்பதில்லை. 2019-இல் லண்டன் ஆய்வாளர்கள், வயதால் ஆவதைவிட வேகமாக மேலுறை மெலிவதைக் கண்டார்கள். ஃபிட்ஸ் எண்ணிக்கையாலோ மாத்திரை அளவாலோ அதை விளக்க முடியவில்லை. டெம்போரல் லோப் அறுவை சிகிச்சை செய்தவர்களிடம் அந்த மெலிவு நின்றது என்பதுதான் அடுத்த வருடம் வந்த நல்ல செய்தி.

உறவினர் சொல்வதில் ஒரு துளி உண்மை உண்டு. ஃபெனிடோயினை வருடக்கணக்கில் எடுத்தால் சிறுமூளை மெலிந்து நடை தள்ளாடலாம். வால்புரோயேட்டால் அரிதாக மூளை சுருங்கியதுபோலத் தெரிந்து, நிறுத்தியதும் சரியாவதுண்டு. இவை மருத்துவரிடம் மருந்தை மாற்றக் கேட்பதற்கான காரணங்கள். நீங்களாக நிறுத்துவதற்கு அல்ல. திடீரென்று நிறுத்தினால் நிற்காத வலிப்பு வரலாம். கை கால் வெட்டும் வலிப்பு 5 நிமிடத்தைத் தாண்டினால் அவசரம், 30 நிமிடத்தைத் தாண்டினால் நியூரான் இழப்புக்கான ஆபத்து. வெறித்துப் பார்த்து, உதட்டைச் சப்பி, துணியைத் துழாவும் வகைக்கு இந்தக் கணக்கு 10 நிமிடமும் ஒரு மணி நேரமும். வலிப்பை நிறுத்த மருத்துவர் எழுதிக் கொடுத்த மிடாசோலம் மூக்கு ஸ்பிரே கைவசம் இருக்கட்டும். சாவிக்கொத்தைத் தேடும் நேரத்தில் ஆளை ஒருக்களித்துப் படுக்க வைத்து, கடிகாரத்தைப் பாருங்கள்.

ஏற்கெனவே சுருங்கிய இடத்தை வெட்டி எடுக்கச் சொல்கிறார்கள். இருப்பதும் போய்விடாதா?
– வாசகர், தஞ்சாவூர்

விந்தை என்னவென்றால், நன்றாகச் சுருங்கிய ஹிப்போகேம்பஸ்தான் அறுவை சிகிச்சைக்குத் தோது. அது ஏற்கெனவே வேலை செய்வதில்லை. எடுப்பதால் நினைவுக்கு நேரும் நஷ்டம் குறைவு, வலிப்பு நிற்கும் வாய்ப்பு அதிகம். ஸ்கேனில் நன்றாகவும் நினைவுப் பரிசோதனையில் கெட்டியாகவும் உள்ள இடது ஹிப்போகேம்பஸை எடுப்பதற்குத்தான் பயப்பட வேண்டும். இரண்டு பக்கமும் எடுக்கவே கூடாது. 1953-இல் அமெரிக்காவில் ஹென்றி மோலைசனுக்கு அப்படிச் செய்த பிறகு, அவருக்குப் புதிய நிகழ்ச்சி எதுவுமே மனதில் தங்கவில்லை.

கனடாவில் 80 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த ஆய்வு 2001-இல் வந்தது. நினைவு தப்பும் வலிப்பு ஒரு வருடம் கழித்து இல்லாமலிருந்தவர்கள் அறுவைப் பிரிவில் 58%, மாத்திரைப் பிரிவில் 8%. பக்கவிளைவாக, பார்வையில் எதிர்ப்பக்கத்தின் மேல்மூலை கொஞ்சம் மறையலாம். மாத்திரை உடனே நிற்காது.

நோய்க்குப் பொருத்தமான இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் எடுத்தும் நிற்கவில்லை என்றால் அது மருந்துக்கு அடங்காத வலிப்பு. மூன்றாவது, நான்காவது மருந்தில் வருடங்களைக் கரைக்காமல், அப்போதே வீடியோ இ.இ.ஜி. (வலிப்பைப் படம்பிடித்தபடியே மூளையின் மின்அலைகளைப் பதிவது) வசதியுள்ள மையத்துக்குப் போங்கள். வேலூர் சி.எம்.சி.யில் 1950-களிலேயே வலிப்புக்கு அறுவை தொடங்கியது. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் மையத்தில் 1995 முதல் நடக்கிறது. பலர் அங்கே தாமதமாகப் போய்ச் சேருவதற்குப் பயம் ஒரு காரணம்தான். உரிய நேரத்தில் யாரும் அனுப்பி வைக்காததே பெரிய காரணம்.

வல்லாரை சாப்பிட்டால் சுருங்கியது வளருமா?
– வாசகி, கும்பகோணம்

வளராது. கீரையாகச் சமைத்துச் சாப்பிடுங்கள், தடையில்லை. லேகியம், மாத்திரை என்றால் எந்தக் கடையில் வாங்கினாலும் டப்பாவோடு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.