விரும்பிய வேலை, ஒன்றரை மணி நேரப் பயணம்: ஏற்கலாமா?

கேள்வி: இப்போதைய அலுவலகத்துக்கு அரை மணி நேரத்தில் போய்விடுகிறேன். நெடுநாளாக ஆசைப்பட்ட பொறுப்பு வேறொரு நிறுவனத்தில் கிடைத்திருக்கிறது. சம்பளமும் 25 சதவீதம் அதிகம். ஆனால் போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி ஆகும். இரண்டிலும் 8 மணி நேர வேலைதான். ஏற்கலாமா?

பதில்: முதலில் சம்பள உயர்வைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். இன்று வேலைக்காக நாளொன்றுக்கு 9 மணி நேரம் தருகிறீர்கள்; இனி 11 மணி நேரம் தர வேண்டியிருக்கும். பயணத்தையும் சேர்த்து வகுத்துப் பார்த்தால், 25 சதவீத உயர்வு மணிக்கு ஏறத்தாழ 2 சதவீதமாகச் சுருங்கிவிடுகிறது. கூடுதல் பயணச் செலவு அதையும் விழுங்கிவிடக்கூடும். மாதக் கடைசியில் கைக்கு வரும் தொகை கூடும் என்பது உண்மைதான். கடன் சுமை இருந்தால் அதற்கு மதிப்பும் உண்டு. மற்றபடி, பணத்துக்காக இந்தப் பயணத்தை ஏற்கிறேன் என்ற வாதம் நிற்காது.

ஆண்டுக்கு 240 வேலை நாட்கள் என்று கொண்டால், கூடுதலாகச் செலவாகும் நேரம் மட்டும் 480 மணி, அதாவது 60 முழு வேலை நாட்கள். அந்த நேரம் எதிலிருந்து கழியும் என்பதை எழுதிப் பாருங்கள்: உறக்கமா, உடற்பயிற்சியா, வீட்டாருடன் உண்ணும் இரவு உணவா? மாலை 6 மணிக்குக் கிளம்பினால் ஏழரைக்கு வீடு சேரலாம். ஒரு கூட்டம் 20 நிமிடம் நீண்டு, பிடிக்க வேண்டிய வண்டி போய்விட்டால் எட்டரை ஆகும், எட்டு மணிக்கு உறங்கும் குழந்தையை அன்று விழித்த நிலையில் பார்க்க முடியாது. பொருளியலாளர்கள் அலோயிஸ் ஸ்டுட்சரும் புரூனோ ஃப்ரேயும் ஜெர்மானியத் தரவுகளைக் கொண்டு 2008-இல் வெளியிட்ட ஆய்வில், நீண்ட தூரம் போய்வருபவர்களின் மனநிறைவு குறைவாகவே இருந்தது. சம்பளமோ வீட்டு வசதியோ அந்தக் குறையை முழுதாக ஈடுகட்டவில்லை. புதிய பதவிக்கும் பெரிய சம்பளத்துக்கும் மனம் விரைவில் பழகிவிடுகிறது, நெரிசலுக்கு அவ்வளவு எளிதில் பழகுவதில்லை என்பதே என் கருத்தும்.

பயணத்தின் தன்மையும் முக்கியம். ஒரே ரயிலில் உட்கார்ந்து படித்தபடி போகும் ஒன்றரை மணி நேரமும், மூன்று வண்டி மாறியோ நெரிசலில் காரோட்டியோ போகும் ஒன்றரை மணி நேரமும் ஒன்றல்ல. எப்போது போய்ச் சேருவோம் என்று தெரியாத பயணம்தான் ஆளை அதிகம் சோர்வடையச் செய்கிறது. ஆகவே முடிவெடுக்கும் முன், ஒரு வேலை நாளில் அலுவலக நேரத்திலேயே கிளம்பி, வீட்டு வாசலிலிருந்து அலுவலக வாசல் வரை போய், மாலை நெரிசலில் திரும்பியும் பாருங்கள். கைபேசி வரைபடம் காட்டும் நேரத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

இத்தனைக்குப் பிறகும் ஏற்கத்தக்க காரணம் ஒன்று உண்டு: அருகில் எங்குமே கற்க முடியாத ஒன்றை அந்த வேலை உங்களுக்குக் கற்றுத் தர வேண்டும். இரண்டு ஆண்டுகளில் அங்கே நீங்கள் என்னவாகியிருப்பீர்கள் என்பதைத் தெளிவாகச் சொல்ல முடிந்தால், பயணத்துக்கும் ஒரு கால எல்லை கிடைத்துவிடுகிறது. பதவியின் பெயர் மட்டும்தான் ஈர்க்கிறது என்றால், வேண்டாம் என்பேன்.

ஏற்பதாக இருந்தால், சம்மதம் சொல்வதற்கு முன்பே பேசுங்கள். அப்போதுதான் உங்கள் சொல்லுக்கு வலிமை அதிகம். வாரத்தில் 2 நாட்கள் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி கிடைத்தால் வாரப் பயணம் 15 மணியிலிருந்து 9 மணியாகக் குறையும், இப்போது செலவாகும் 5 மணியோடு ஒப்பிட்டால் அது தாங்கக்கூடியதே. நெரிசலுக்கு முன் வந்து முன்னதாகவே கிளம்பும் வேலை நேரத்தையும் கேட்கலாம். மேலாளர் மாறினால் வாய்மொழி வாக்குறுதியும் மாறிவிடும் என்பதால், ஒப்புக்கொண்டதைப் பணி நியமனக் கடிதத்திலேயே எழுதி வாங்குங்கள். புதிய அலுவலகத்தின் அருகே குடிபெயரும் எண்ணம் இருந்தால், தகுதிகாண் காலம் முடிந்து பணி உறுதியாகும் வரை இப்போதைய வீட்டைக் காலி செய்ய வேண்டாம்.