வாசகர் கேள்வி - பதில்: துருக்கிக் கடலோரத்தில் அவசரமில்லாமல் பத்து நாட்கள்

கேள்வி: நானும் என் கணவரும் பணி ஓய்வு பெற்றவர்கள். அடுத்த ஆண்டு துருக்கிக்குச் செல்ல ஆசைப்படுகிறோம். பயண முகவர் கொடுத்த திட்டத்தில் எட்டு நாட்களுக்குள் இஸ்தான்புல், கப்படோக்கியா, பாமுக்கலே, எபேசஸ், அந்தால்யா என ஐந்து இடங்கள் இருக்கின்றன. ஏறக்குறைய தினமும் பெட்டி கட்ட வேண்டியிருக்கும் போலிருக்கிறது. எங்களுக்குக் கடல்தான் பிடிக்கும். பத்து நாட்கள் கடலோரத்திலேயே நிதானமாகத் தங்கி வர முடியுமா? எந்த மாதம் போகலாம், எந்த ஊரில் தங்கலாம்? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: தாராளமாக முடியும். அதற்கு முதல் வேலையாக அந்த ஐந்து இடங்களின் பட்டியலை ஒதுக்கி வைத்துவிடுங்கள். துருக்கி மிகப் பெரிய நாடு. கப்படோக்கியா நாட்டின் நடுவிலும், எபேசஸ் மேற்குக் கரையோரத்திலும், அந்தால்யா தென்கரையிலும் இருப்பதால், இவற்றை எட்டு நாட்களுக்குள் அடக்கினால் பகல் பொழுதில் பெரும்பகுதி பேருந்திலும் விமான நிலையத்திலுமே கழிந்துவிடும். அவை ஒவ்வொன்றும் பார்க்க வேண்டிய இடம்தான் என்றாலும், நீங்கள் கேட்பது வேறு வகையான விடுமுறை.

நான் பரிந்துரைப்பது நாட்டின் தென்மேற்கு மூலையில் ஃபெத்தியே என்ற ஊருக்கும் காஷ் என்ற ஊருக்கும் இடைப்பட்ட, சாலை வழியே சுமார் 105 கிலோமீட்டர் நீளமுள்ள கடற்கரையை மட்டும். பழங்காலத்தில் லிசியா என்று அழைக்கப்பட்ட இந்தப் பகுதியில் தாரஸ் மலைத்தொடர் கடலின் விளிம்பு வரை இறங்கி வருகிறது. மலைக்கும் நீருக்கும் இடையில் சமதளம் குறைவாக இருப்பதாலேயே பல இடங்களில் பெரிய விடுதிகள் பெருகவில்லை. சிறு துறைமுகங்களும், குடும்பத்தினரே நடத்தும் பான்சியோன் எனப்படும் சிறு தங்குமனைகளும் இன்னும் நிலைத்திருக்கின்றன. ஃபெத்தியேவில் நான்கைந்து இரவுகள், காஷில் ஐந்து இரவுகள் தங்குங்கள். வரும் நாளையும் திரும்பும் நாளையும் தவிர, இடையில் ஒரே ஒரு முறைதான் பெட்டி கட்ட வேண்டியிருக்கும்.

மாதத்தைப் பொறுத்தவரை, மே மாதப் பிற்பகுதி முதல் ஜூன் நடுப்பகுதி வரை ஒரு நல்ல பருவம். செப்டம்பர் நடுப்பகுதி முதல் அக்டோபர் நடுப்பகுதி வரை இன்னொன்று. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் செப்டம்பரையே சொல்வேன். கோடை முழுவதும் வெயிலில் காய்ந்த கடல் அப்போதுதான் இளஞ்சூடாக இருக்கும். மே மாதத்தில் கால் வைத்தால் குளிரும். ஜூலை, ஆகஸ்டில் வெப்பம் 35 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். நமக்கு அது பழகிய வெயில்தானே என்று நினைக்கலாம், ஆனால் மர நிழலே இல்லாத பழைய இடிபாடுகளில் அந்த வெயிலில் நடப்பது துன்பம். கூட்டமும் விலையும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். நவம்பர் முதல் மார்ச் வரை மழைக்காலம், பல தங்குமனைகள் மூடியிருக்கும். ரமலான் முடிவில் வரும் பெருநாளும் பக்ரீத்தும் எந்தத் தேதியில் வருகின்றன என்று பார்த்துக்கொண்டு பயணச்சீட்டு எடுங்கள். ஆண்டுக்கு ஏறக்குறைய 11 நாட்கள் முன்னால் நகரும் அந்த விடுமுறைகளில் துருக்கிக் குடும்பங்கள் பெருமளவில் கடற்கரைக்கு வந்துவிடுவதால், அறையும் பேருந்து இருக்கையும் கிடைப்பது கடினம்.

இஸ்தான்புல்லில் விமானம் மாறி தலமான் விமான நிலையத்தில் இறங்கினால், அங்கிருந்து ஃபெத்தியேவுக்குச் சாலை வழியே ஒரு மணி நேரப் பயணம். இஸ்தான்புல்லில் இரண்டு விமான நிலையங்கள் இருக்கின்றன, ஒன்று ஐரோப்பியப் பக்கத்திலும் மற்றொன்றான சபிஹா கோக்சென் ஆசியப் பக்கத்திலும். நீங்கள் இறங்குவதும் மறுவிமானம் ஏறுவதும் ஒரே நிலையத்தில்தானா என்பதைப் பணம் கட்டும் முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள்.

1957-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் ஃபெத்தியேவின் பழைய கட்டடங்கள் பெரும்பாலும் விழுந்துவிட்டதால், ஊரின் தோற்றம் புதியது. ஆனால் ஊருக்குப் பின்னால் செங்குத்தான பாறையில், கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் குடைந்த அமிந்தாஸ் கல்லறை ஒரு கோயில் முகப்பைப் போல நிமிர்ந்து நிற்கிறது. ஊர் நடுவிலுள்ள மீன் சந்தையில் நீங்களே மீனைத் தேர்ந்தெடுத்து எடை போட்டு வாங்கி, சுற்றியுள்ள உணவகங்களில் ஒன்றில் கொடுத்தால், கூலி வாங்கிக்கொண்டு சமைத்துப் பரிமாறுவார்கள். செவ்வாய்க்கிழமைகளில் கூடும் வாரச் சந்தையைத் தவறவிடாதீர்கள். ஆலிவ், பாலாடைக்கட்டி, அத்திப்பழம் வாங்க அதைவிட நல்ல இடம் அந்த ஊரில் இல்லை.

ஃபெத்தியேவிலிருந்து ஒரு முழுப் பகலைக் காயாக்கோய் கிராமத்துக்கு ஒதுக்குங்கள். நூற்றுக்கணக்கான கல் வீடுகள் கூரையில்லாமல் மலைச்சரிவு முழுவதும் நிற்கும் ஊர் அது. 1923-இல் கிரேக்கமும் துருக்கியும் செய்துகொண்ட மக்கள் பரிமாற்ற உடன்படிக்கையின்படி, அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த கிரேக்கக் கிறிஸ்தவர்கள் கிரேக்கத்துக்கு அனுப்பப்பட்டார்கள். அங்கிருந்து வந்த முஸ்லிம்களில் பெரும்பாலோர் இந்தச் சரிவில் குடியேற விரும்பவில்லை. வீடுகள் ஒன்றன் பார்வையை ஒன்று மறைக்காதபடி அடுக்கடுக்காகக் கட்டப்பட்டிருப்பதை மேலே ஏற ஏறப் பார்க்கலாம். சில வீட்டுச் சுவர்களில் நீலச் சாயம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அடுப்பங்கரையின் புகைபோக்கி அப்படியே இருக்கிறது, தரை இருந்த இடத்தில் அத்திமரம் முளைத்திருக்கிறது. ஒரு மணி நேரத்தில் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடக் கூடாத இடம். காலையிலேயே போய், கீழேயுள்ள கடைகளில் ஒன்றில் மதிய உணவை முடித்து, மெதுவாகத் திரும்புங்கள். முழங்கால் நன்றாக இருப்பவர்கள் அங்கிருந்து பைன் காட்டு வழியாக ஒலூதெனிஸ் கடற்கரைக்கு இரண்டு மூன்று மணி நேரத்தில் நடந்தும் போகலாம். மற்றவர்களுக்கு தோல்முஷ் எனப்படும் பகிர்வு வேன் இருக்கிறது.

காஷுக்கு மாறிய பிறகு, நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்பும் இடம் பத்தாரா. சாலையில் ஃபெத்தியேவுக்கும் காஷுக்கும் இடையில் வரும் இந்த இடத்தில், ஒரு காலத்தில் பெரிய துறைமுகமாக இருந்த நகரம் ஆற்று மணல் தூர்ந்து கைவிடப்பட்டு, இன்று மணல்மேடுகளுக்கு நடுவே கிடக்கிறது. லிசிய நகரங்கள் சேர்ந்து அமைத்த கூட்டமைப்பின் பேரவைக் கட்டடம் இங்கே மீட்டெடுக்கப்பட்டிருக்கிறது. உறுப்பு நகரங்கள் 23 என்றும், பெரிய நகரங்களுக்கு மூன்று வாக்கும், நடுத்தரமானவற்றுக்கு இரண்டும், சிறியவற்றுக்கு ஒன்றும் இருந்தன என்றும் பண்டைய புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார். அந்த அரைவட்டக் கல் படிகளில் அமர்ந்து பார்க்கும்போது, ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கே உறுப்பினர்கள் கூடி வாக்களித்தார்கள் என்பது நம் கண்முன் விரியும். இடிபாடுகளைத் தாண்டியதும் சுமார் 18 கிலோமீட்டர் நீளமுள்ள மணற்கரை வருகிறது. பெருந்தலைக் கடலாமைகள் முட்டையிடும் கரை என்பதால் அங்கே கட்டடம் கட்ட அனுமதியில்லை, ஆமைகளின் பருவத்தில் இரவில் யாரும் கரைக்குச் செல்லவும் கூடாது. நிழல் மிகக் குறைவு. காலை ஒன்பது மணிக்குள் போய் இடிபாடுகளை முடித்துக்கொண்டு, பிறகு கடலில் இறங்குவதே சரியான வரிசை.

பத்தாராவுக்கு அருகில் லெடூன் என்ற சிறிய புனிதத் தலம் உள்ளது. பழைய லிசிய நகரமான சாந்தோஸுடன் சேர்த்து 1988-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. தாகத்தோடு வந்த தன்னைத் தண்ணீர் குடிக்க விடாமல் தடுத்த நாட்டுப்புறத்தாரை, கிரேக்கப் புராணத்தில் வரும் லெடோ தெய்வம் தவளைகளாக மாற்றியதாகக் கதை. நிலத்தடி நீர் ஏறி மூழ்கிக் கிடக்கும் அந்தக் கோயில் அடித்தளத்தில் இன்றும் தவளைகள் கத்திக்கொண்டிருக்கின்றன. உடைந்த தூண்களின் மீது நன்னீர் ஆமைகள் வெயில் காய்கின்றன.

காஷில் மணற்கரை கிடையாது. பாறைகளிலிருந்தும் மரத் தளங்களிலிருந்தும்தான் நீரில் இறங்க வேண்டும்; கடல் முள்ளெலிகள் இருக்கும் என்பதால் ரப்பர் காலணி அவசியம். ஆனால் கடல்நீரின் தெளிவும், கடைத்தெருவின் மேல்முனையில் சாதாரணமாக நின்றுகொண்டிருக்கும் லிசியக் கல் ஈமப்பெட்டியும், கடலை நோக்கிய பழைய அரங்கின் படிகளில் அமர்ந்து பார்க்கும் மாலை வெயிலும் அந்தக் குறையை ஈடுகட்டிவிடும். ஒரு நாள் படகில் கெகோவா தீவுக்குப் போய் வாருங்கள். நிலநடுக்கங்களால் கடலில் இறங்கிய பழைய ஊரின் சுவர்களும் படிக்கட்டுகளும் தெளிந்த நீருக்கடியில் தெரியும். அந்த இடிபாடுகளின் மேல் நீந்தத் தடை உண்டு. எதிரில் உள்ள காலேக்கோய் ஊருக்குக் கார் செல்லும் சாலை இல்லை.

மூன்று நாட்களுக்கு ஒரு நாளை எந்தத் திட்டமும் இல்லாமல் காலியாக விடுங்கள். ஒரு நாளில் இரண்டு இடங்களுக்கு மேல் எழுதி வைக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் அனைவரும் சைவம். அங்கே பத்து நாட்கள் எப்படிச் சமாளிப்பது? (வாசகர், திருச்சி)

பதில்: ஐரோப்பாவின் பல ஊர்களைவிட இங்கே எளிது. காலை உணவே பெரும்பாலும் சைவம்தான்: தக்காளி, வெள்ளரி, ஆலிவ், பாலாடைக்கட்டி, தேன், ரொட்டி. முட்டை சாப்பிடுபவர்களுக்குத் தக்காளியும் மிளகாயும் சேர்த்த மெனமென் கிடைக்கும். மதியத்துக்குக் கீரையோ உருளைக்கிழங்கோ உள்ளே வைத்து இரும்புத் தட்டில் சுட்டுத் தரும் கோஸ்லமே போதும். ஆலிவ் எண்ணெயில் சமைத்து ஆறவைத்துப் பரிமாறும் பீன்ஸ், கத்தரிக்காய், கூனைப்பூ வகைகள் இந்தக் கடலோரத்தின் சிறப்பு. கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பருப்பு சூப்பும், சோறும், கோதுமை ரவைச் சோறும் பார்க்கச் சைவமாக இருந்தாலும் இறைச்சி வேகவைத்த நீரில் சமைக்கப்பட்டிருக்கலாம். "எத்சிஸ்" என்று கேட்டால் இறைச்சித் துண்டு இல்லை என்பதை மட்டும் உறுதி செய்வார்கள், ஆகவே "எத் சுயு வார் மா?", அதாவது இறைச்சிச் சாறு சேர்த்திருக்கிறீர்களா, என்றும் சேர்த்துக் கேளுங்கள். சமையலறை வசதியுள்ள தங்குமனையாகப் பார்த்து எடுத்தால், வாரச் சந்தைக் காய்கறியை வைத்து இரவு உணவை நீங்களே முடித்துக்கொள்ளலாம்.

கேள்வி: கூலெட் என்ற மரப்படகில் சில நாட்கள் தங்கிப் பயணம் செய்யலாம் என்கிறார்களே, அது பாதுகாப்பானதா, வயதானவர்களுக்கு ஏற்றதா? (வாசகர், மதுரை)

பதில்: ஃபெத்தியேவிலிருந்து கிளம்பி கெகோவா, தெம்ரே பக்கம் முடியும் நான்கு பகல், மூன்று இரவுப் பயணம்தான் இங்கே வழக்கமானது. முழுப் படகையும் வாடகைக்கு எடுக்காமல் ஓர் அறைக்கு மட்டும் பணம் கட்டிச் சேரலாம். சாப்பாடு கட்டணத்தில் சேர்ந்திருக்கும், பானங்களுக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும். பாய்மரம் இருந்தாலும் படகு பெரும்பாலும் இயந்திரத்தில்தான் ஓடும். அறைகள் மிகச் சிறியவை. கோடை இரவுகளில் பலர் மேல்தளத்தில் மெத்தை விரித்து வானத்தைப் பார்த்தபடி உறங்குவார்கள், அந்த அனுபவத்துக்காகவே ஒருமுறை போகலாம். ஆனால் படகிலிருந்து நீருக்கு இறங்கவும் ஏறவும் செங்குத்தான ஏணிதான். முழங்கால் வலி உள்ளவர்களுக்கும், கடல் ஆட்டம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும், ஒரு நாள் படகுச் சவாரியே ஏற்றது என்பது என் கருத்து. முன்பதிவு செய்யும் முன் படகில் எத்தனை பேர், எத்தனை அறைகள், கடல் சீற்றத்தால் பயணம் ரத்தானால் பணம் திரும்புமா என்பவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: கார் வாடகைக்கு எடுப்பது நல்லதா? (வாசகர், சேலம்)

பதில்: தேவையில்லை. அங்கே வாகனங்கள் வலப்பக்கம் செல்லும், மலைக்கும் கடலுக்கும் நடுவே வளைந்து போகும் டி-400 சாலையில் ஓட்டுபவருக்குக் கடலைப் பார்க்கக் கண் ஒழியாது. ஃபெத்தியே, கல்கான், காஷ் ஊர்களுக்கிடையே சிற்றுந்துகள் ஓடுகின்றன. சில்லறையாகத் துருக்கி லிரா கையில் இருக்கட்டும்.

கேள்வி: காஷிலிருந்து அருகிலுள்ள கிரேக்கத் தீவுக்கு ஒரு நாள் போய்வர முடியும் என்று கேள்விப்பட்டேன். விசா எப்படி? (வாசகி, சென்னை)

பதில்: மெய்ஸ் என்று துருக்கியர் அழைக்கும் கஸ்தெலோரிசோ தீவுக்குக் காஷ் துறையிலிருந்து படகில் அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஆனால் அது கிரேக்க மண், அதாவது பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா செல்லும் ஷெங்கன் எல்லை. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு ஷெங்கன் விசா வேண்டும். அத்துடன் துருக்கி விசாவையும் கவனிக்க வேண்டும். ஷெங்கன் நாடுகள், அமெரிக்கா, பிரிட்டன், அயர்லாந்து ஆகியவற்றில் ஒன்றின் செல்லுபடியாகும் விசாவோ வசிப்புரிமையோ வைத்துள்ள இந்தியர்களுக்குத் துருக்கி இணையவழி இ-விசா தருகிறது. மற்றவர்கள் விண்ணப்ப மையம் வழியாகக் கடவுச்சீட்டில் ஒட்டித் தரும் விசா பெற வேண்டும். அந்த இ-விசா ஒரே ஒரு முறை நுழைவதற்கானது. தீவில் கால் வைத்துவிட்டு மாலையில் காஷுக்குத் திரும்பும்போது அது இரண்டாவது நுழைவாகிவிடும். உங்கள் பெட்டியும் திரும்பும் விமானச் சீட்டும் துருக்கியில் இருக்க, நீங்கள் எல்லையில் நிற்க நேரிடும். பலமுறை நுழையும் விசா கையில் இல்லையென்றால் அந்தத் தீவைக் காஷ் கரையிலிருந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். விதிகள் மாறக்கூடும் என்பதால், பயணச்சீட்டு எடுக்கும் முன் துருக்கி அரசின் இ-விசா தளத்தில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.