பர்ன்ஸ் விருந்துக்கு முதல் தடவை கில்ட் கட்டப் போகிறவருக்கு

தம்பி, கிளாஸ்கோவுக்கு வந்து நாலு மாதம்தான் ஆகிறது, ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் பிறந்தநாளான ஜனவரி 25-ஆம் தேதி அலுவலகத்தில் பர்ன்ஸ் விருந்து, அழைப்பில் 'பிளாக் டை அல்லது ஹைலேண்ட் உடை' (போ டையோடு கறுப்பு சூட், அல்லது ஸ்காட்லாந்து மேட்டுநிலத்து உடை) என்று இருக்கிறது, நாம் கில்ட் (ஆண்கள் கட்டும் கொசுவம் வைத்த முழங்கால் பாவாடை) கட்டினால் சிரிப்பார்களா, எந்த டார்ட்டன் (அதன் கட்டம் போட்ட துணி) எடுப்பது, வாங்குவதா வாடகையா என்று கேட்டிருக்கிறீர்கள். பதினேழு வருடமாக இதே ஊரில் இருக்கிறேன். கில்ட்டில் செய்யக்கூடிய தப்பெல்லாம் செய்து முடித்துவிட்டேன், அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

சிரிக்க மாட்டார்கள். ஒரு வெள்ளைக்காரர் நம் வீட்டுக் கல்யாணத்துக்கு வேட்டி கட்டி வந்தால் சித்தப்பா, மாமா எல்லோரும் எப்படிக் குளிர்ந்து போவார்கள்? இங்கேயும் அதேதான். அவர் வேட்டி நழுவித் தடுமாறும்போதுதான் நமக்குச் சிரிப்பு வரும். எனவே எந்தக் கட்டம் என்பதைவிட, இடுப்பில் ஒழுங்காக நிற்கிறதா என்பதைப் பாருங்கள்.

டார்ட்டனைப் பற்றிப் பயமே வேண்டாம். இந்தக் குலத்துக்கு இந்தக் கட்டம் என்ற கணக்கு பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டில்தான் உறுதிப்பட்டது. 1746-இல், மேட்டுநிலத்தவர் கிளர்ச்சியை அரசு முறியடித்த கலோடன் போருக்குப் பிறகு ஹைலேண்ட் உடைக்குச் சட்டம் போட்டுத் தடை விதித்தார்கள். 1782-இல் தடை நீங்கியது. 1822-இல் மன்னர் நாலாம் ஜார்ஜ் எடின்பரோவுக்கு வந்தபோது நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் முன்னின்று எல்லோரையும் டார்ட்டன் அணியவைத்தார். அப்புறம்தான் நாடு முழுக்க இந்த மோகம். பர்ன்ஸே தாழ்நிலத்து அயர்ஷயர் உழவர் வீட்டுப் பிள்ளை, கில்ட்டோ மேட்டுநிலத்தவர் உடை. நமக்கு பாரதி எப்படியோ அப்படி இவர்களுக்கு அவர். பாரதி 38 வயதில் போனார், இவர் 37-இல். சரி, விஷயத்துக்கு வருகிறேன். யாருக்கும் பொதுவானது பிளாக் வாட்ச், கரு நீலமும் பச்சையும். நம் நிறத்துக்கு எடுப்பாக இருக்கும், கறுப்புக் கோட்டோடு பிசகே வராது. சிவப்பு ராயல் ஸ்டூவர்ட்டும் எல்லோரும் போடுவதுதான், ஆனால் பிஸ்கட் டப்பா ஞாபகம் வரும். கிளாஸ்கோ பெயரிலேயே ஒரு டார்ட்டன் உண்டு, கடையில் இருந்தால் என் ஓட்டு அதற்குத்தான். பால்மோரல் மட்டும் அரச குடும்பத்துக்கானது. அதை யாரும் உங்களிடம் கொண்டுவந்து நீட்டவும் போவதில்லை.

முதல் தடவை வாடகைக்கு எடுங்கள். கோட்டு, வெயிஸ்ட்கோட், கில்ட், முன்னால் தொங்கும் ஸ்போரன் பை, நீளக் காலுறை, ஷூ எல்லாம் சேர்த்துச் சுமார் 70 முதல் 100 பவுண்டு ஆகும். சொந்தமாகக் கையால் தைத்த எட்டு கஜ கம்பளிக் கில்ட் மட்டுமே 500 பவுண்டைத் தாண்டும். ஆமாம், எட்டு கஜம். மடிசாருக்கு ஒரு கஜம்தான் குறைச்சல். அவ்வளவு துணியும் பின்பக்கம் கொசுவமாக அடுக்கித் தைத்திருப்பதால்தான் நடக்கும்போது அந்த வீச்சு. சுற்றுலாக் கடைகளில் தொங்கும் மலிவு அக்ரிலிக் கில்ட் இந்த விருந்துக்கு வேண்டாம், அருகில் வந்தாலே தெரிந்துவிடும். ஜனவரியில் எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்பார்கள், இரண்டு மூன்று வாரம் முன்னாலேயே போய் அளவு கொடுத்துவிடுங்கள்.

பிளாக் டை என்று இருப்பதால் 'பிரின்ஸ் சார்லி' என்று கேளுங்கள். வெள்ளிப் பொத்தான் வைத்த குட்டைக் கோட்டு, மூன்று பொத்தான் வெயிஸ்ட்கோட், போ டை. இதற்கு பெல்ட் போடக் கூடாது, வெயிஸ்ட்கோட் அதை மூடிவிடும். ஆர்கைல் என்ற சாதா நீளக் கோட்டு, சாதா டையோடு பகல் கல்யாணத்துக்கும் ஆகும், இந்த ராத்திரிக்குக் கொஞ்சம் எளிமை.

இனி கட்டும் விதம். 2009-இல் என் முதல் பர்ன்ஸ் விருந்துக்கு, ஜீன்ஸ் போடும் உயரத்தில் கில்ட்டை மாட்டிக்கொண்டு போனேன். விளிம்பு முழங்காலைத் தாண்டிக் கெண்டைக்கால்வரை தொங்கியது. கூட வேலை பார்த்த ஒருவரின் அப்பா, எழுபது வயதிருக்கும், ஒரு வார்த்தை பேசாமல் என்னைக் கழிவறைக்குக் கூட்டிப் போய், எல்லாவற்றையும் அவிழ்த்துத் திரும்பக் கட்டிவிட்டார். அவர் செய்ததைத்தான் சொல்கிறேன். கில்ட்டின் மேல் விளிம்பு தொப்புள் உயரத்தில் நிற்க வேண்டும். கொசுவம் முழுக்க முதுகுப்பக்கம். முன்பக்கம் இரண்டு தட்டை மடிப்பு. உள்மடிப்பை இடப்பக்கம் கொண்டுபோய், அங்கே இருக்கும் பிளவு வழியாகப் பட்டையை வெளியே இழுத்துப் பூட்டுங்கள். பிறகு வெளிமடிப்பை வலப்பக்கம் கொண்டுவந்து பூட்டுங்கள். கீழ் விளிம்பு முழங்கால் சில்லின் நடுவில் வந்தால் சரி. கடையில் மண்டிபோட்டுப் பாருங்கள், துணி தரையில் மடிந்து கிடந்தால் நீளம் அதிகம்.

அன்றே இன்னொன்றும் நடந்தது. கில்ட் ஊக்கை இரண்டு மடிப்பையும் சேர்த்துக் குத்தியிருந்தேன். உட்கார்ந்ததும் இழுத்து ஓட்டை போட்டுவிட்டது. கடைக்காரர் முன்பணத்தில் 30 பவுண்டு பிடித்துக்கொண்டார். ஊக்கு வெளிமடிப்பில் மட்டும்தான், அது எடைக்காகவும் அழகுக்காகவும், பூட்டுவதற்கு அல்ல.

ஷூவுக்கு நாக்கு இருக்காது, கயிறு நீளமாக இருக்கும். முன்னால் மூன்று முறுக்கு முறுக்கி, கணுக்காலைச் சுற்றிக் கட்டுங்கள், கெண்டைக்கால்வரை ஏற்ற வேண்டாம். காலுறை மடிப்பு முழங்காலுக்கு மூன்று விரல் கீழே. ஸ்போரன் என்பது நம் பாட்டிகளின் சுருக்குப்பைதான், கில்ட்டில் பாக்கெட் கிடையாதே. போன், சாவி எல்லாம் அதில்தான். காலுறையில் செருகும் சிறு கத்தியை 'ஸ்கீன் டூ' என்பார்கள். வலது கைக்காரர் என்றால் வலது காலில். வாடகையில் வருவது பெரும்பாலும் வெறும் கைப்பிடிதான். உண்மையான கத்தி யாராவது கொடுத்தால் விமானத்தில் கையோடு கொண்டு போய்விடாதீர்கள்.

நீங்கள் கேட்கக் கூச்சப்பட்ட கேள்விக்கும் பதில்: ஜட்டி போடுங்கள். வாடகைக் கில்ட் பல பேர் கட்டியது. சாப்பிட்ட பிறகு 'கெய்லி' (ceilidh) என்ற ஸ்காட்லாந்துக் கூட்டு நடனம் இருந்தால் சுழற்றிச் சுழற்றி விடுவார்கள், அப்போது ஸ்போரனை இடுப்புப்பக்கம் தள்ளிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் படக்கூடாத இடத்தில் படும். உட்காரும்போது பின் கொசுவத்தைக் கையால் தடவிவிட்டு உட்காருங்கள், பாவாடை கட்டிய பெண்கள் செய்வது மாதிரி. பட்டையை ஒரு துளை தளர்த்தி வைப்பதும் நல்லது. ஹாகிஸ் என்பது ஆட்டு ஈரல், இதயம், நுரையீரலோடு ஓட்ஸும் மிளகும். குடல் கறி சாப்பிடும் ஆளாக இருந்தால் இரண்டாம் தடவையும் கேட்பீர்கள். சைவ ஹாகிஸும் உண்டு, முன்னாலேயே சொல்லி வையுங்கள்.

இவ்வளவுக்கும் மனசு ஒப்பவில்லை என்றால் போ டையோடு கறுப்பு சூட் போட்டுப் போங்கள், அழைப்பே அதற்கும் இடம் கொடுத்திருக்கிறது. எனக்கென்னவோ நீங்கள் கட்டிப் பார்க்க வேண்டும் என்றுதான் ஆசை.

மறுநாள் உடையைத் திருப்பும்போது ஸ்போரனைத் திறந்து பாருங்கள். என் வீட்டுச் சாவி ஒருமுறை கடைக்குப் போய், மூன்று நாள் கழித்துத்தான் திரும்பி வந்தது.