கேபிளைத் திணித்தது கடைப் பையன், போனது என் ஹார்ட் டிஸ்க்

கேள்வி: தேவகோட்டையில் போட்டோ, வீடியோ எடுப்பதுதான் என் பிழைப்பு. உதவிக்கு ஒரு தம்பி மட்டும். பழைய எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க்கைப் புது லேப்டாப்பில் மாட்ட கேபிள் வேண்டும் என்று, டிஸ்க்கையும் கையோடு எடுத்துக்கொண்டு காரைக்குடியில் ஒரு கடைக்குப் போனேன். லேப்டாப்பில் டைப்-சி மட்டும்தான் இருக்கிறது என்றும் சொன்னேன். கடைப் பையன் இரண்டு முனையும் டைப்-சியாக இருந்த ஒரு கேபிளை எடுத்து, "இதுதாண்ணே செட் ஆகும், கொஞ்சம் டைட்டா இருக்கும்" என்று திணித்தான். போர்ட் பெயர்ந்து உள்ளே போய்விட்டது. அதில் கானாடுகாத்தானில் எடுத்த ஒரு சாந்தி கல்யாண (அறுபதாம் கல்யாண) வீடியோ முழுக்க இருக்கிறது. கேபிளுக்குக் கொடுத்த 350 ரூபாயைக்கூட முதலாளி தர மறுக்கிறார். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று பில்லைக் காட்டுகிறார். 5 லட்சம் கேட்டு வழக்குப் போடலாமா?

பதில்: வழக்குப் போடலாம். 5 லட்சம் கிடைக்காது.

கடைக்காரர் முதலில் என்ன சொல்வார் தெரியுமா? "கேபிளில் ஒரு பழுதும் இல்லை, போனில் மாட்டிப் பாருங்கள், சார்ஜ் ஏறும்" என்பார். அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் 1930-ஆம் வருடத்துச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு இந்த இடத்தில் உங்களுக்குக் கை கொடுக்கும். எதற்காக வாங்குகிறோம் என்று சொல்லி, விற்பவரின் தொழில் அறிவை நம்பி வாங்கினால், அந்த வேலைக்குப் பொருந்தும் பொருளைத்தான் அவர் தர வேண்டும். உங்கள் டிஸ்க்கில் இருப்பது அகலமாக, இரண்டு பாகமாகப் பிரிந்த மாதிரி இருக்கும் மைக்ரோ-பி போர்ட் என்று நினைக்கிறேன். பழைய போன் கேபிளின் முனை அதன் பெரிய பாதியில் ஒழுங்காக உட்காரும், வேகம்தான் குறையும். டைப்-சி முனைக்கு அதில் இடமே கிடையாது. ஒரு பக்கம் டைப்-சி, மறுபக்கம் மைக்ரோ-பி உள்ள கேபிள் கடைகளில் கிடைக்கிற சரக்குதான். அதைத் தராமல் வேறொன்றை அழுத்தியது கடையின் கவனக்குறைவு. பையன் செய்ததற்கு முதலாளி பொறுப்பு. மாட்டிக் கொடுத்தது இலவச உதவி, அது சேவைக் கணக்கில் வராது என்று அவர்கள் வாதாடலாம். விற்பனையோடு சேர்ந்த வேலை அது என்பதை மனுவிலேயே எழுதிவிடுங்கள்.

பில்லில் அச்சடித்த வாசகத்துக்குப் பயப்பட வேண்டாம். குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதை நியாயமற்ற வணிக நடைமுறை என்றே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. திருப்பிக் கொடுக்கப் பில்லில் கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாள் கணக்கு.

"தொழிலுக்கு வாங்கினாய், நீ நுகர்வோரே இல்லை" என்ற வாதமும் வரும். சுயதொழில் செய்து வயிறு கழுவுகிறவருக்குச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. ஓரிருவரை உதவிக்கு வைத்திருப்பதால் அது போய்விடாது என்று 1995-இல் லக்ஷ்மி இன்ஜினியரிங் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

சரி, 5 லட்சம் ஏன் கிடைக்காது? டிஸ்க்கில் என்ன இருக்கிறது என்று கடையில் நீங்கள் சொன்னதாகத் தெரியவில்லை. சொல்லாத நஷ்டத்தை அவர்கள் தலையில் கட்டுவது கஷ்டம். ஊரார் வீட்டுக் கல்யாணத்தை ஒரே டிஸ்க்கில் வைத்து, காப்பி எடுக்காமல் விட்டதையும் நுகர்வோர் ஆணையம் கேட்கும். டிஸ்க்கின் விலை, டேட்டா மீட்கும் செலவு, கொஞ்சம் மன உளைச்சல், வழக்குச் செலவு என்று ரசீதுக்குப் பொருந்தக் கேளுங்கள்.

அதற்கு முன் ஒரு விஷயம். யாரிடமும் சால்டரிங் வைக்கக் கொடுக்காதீர்கள். பல சிறிய டிஸ்க்குகளில் போர்ட் நேராக உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். தெரியாதவர் கை பட்டால் டேட்டாவும் போகும், சாட்சியமும் போகும். போர்ட்டைக் கிட்டத்தில் போட்டோ எடுத்து, கேபிளையும் பில்லையும் ஒரே கவரில் வையுங்கள். டேட்டா மீட்பவரிடம் உடைந்த விதத்தையும் செலவையும் எழுத்தில் வாங்குங்கள். கடைக்காரரிடம் வாட்ஸ்அப்பில் பேசியிருந்தால் அழிக்க வேண்டாம். அதைத் தாக்கல் செய்யும்போது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்‌ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவுப்படி, மின்னணுப் பதிவுக்கான சான்றும் வேண்டும்.

பிறகு 15 நாள் கெடு வைத்து ஸ்பீடு போஸ்டில் நோட்டீஸ். பணியவில்லையென்றால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஆன்லைனிலும் மனு போடலாம். 350 ரூபாய்ப் பொருளுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடம் அவகாசம் உண்டு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு முதலில் போன் செய்தும் பார்க்கலாம், சில கடைகள் அதிலேயே வழிக்கு வந்துவிடும்.

நீங்கள் கேட்காத ஒன்று. கானாடுகாத்தான் வீட்டு ஆச்சி உங்கள் மேல் வழக்குப் போடலாம், அவருக்கு நீங்கள்தான் சேவை கொடுத்தவர். கடைக்காரர் மேல் கை காட்டினால் அங்கே எடுபடாது. இப்போதே நேரில் போய் விஷயத்தைச் சொல்லுங்கள். அன்று எடுத்த மெமரி கார்டுகளில் இனி ஒரு படம்கூட எடுக்காதீர்கள். அழித்திருந்தாலும், மேலே எதுவும் பதியாதவரை அதிலிருந்து பெரும்பாலும் மீட்க வாய்ப்பு இருக்கிறது.