ஊசியைக் காட்டினால் பயப்படுவார்களா?

போதைப் பழக்கத்தைத் தடுக்க ஊடகமும் சமூக வலைதளமும் கைகொடுக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொடுக்கும். ஆனால் வழக்கமாகச் செய்கிற மாதிரியே செய்தால் காசுக்குப் பிடித்த கேடுதான்.

வீடியோ எடிட்டிங் என் தொழில். சில வருடங்களுக்கு முன் ஒரு தன்னார்வ அமைப்புக்கு 30 விநாடி விழிப்புணர்வு வீடியோ செய்து கொடுத்தேன். நரம்பில் இறங்கும் ஊசி, அழுகிற அம்மா, பின்னால் திகில் இசை. ஷேர் பிய்த்துக்கொண்டு போனது. மூன்றாம் நாள், பழக்கத்திலிருந்து மீண்டுவந்த ஒருவர் மெசேஜ் அனுப்பினார்: "தம்பி, வீடியோ நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த ஊசியப் பாத்ததும் உள்ளங்கையெல்லாம் வேர்த்துடுச்சு. ராத்திரி பூரா தூங்கல." அன்றைக்கே எடுத்துவிடச் சொன்னேன்.

அதற்கப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். அமெரிக்காவில் 1998 முதல் 2004 வரை கிட்டத்தட்ட 100 கோடி டாலர் ஒதுக்கி, இளைஞர்களைக் குறிவைத்துப் போதை எதிர்ப்பு விளம்பரம் செய்தார்கள். 2008இல் வெளியான மதிப்பீடு, கஞ்சாப் பழக்கம் அதனால் குறைந்ததற்கு ஆதாரம் இல்லை என்றது. விளம்பரத்தை அதிகம் பார்த்தவர்களிடம் எதிர்விளைவுக்கான அறிகுறிகூடத் தெரிந்ததாம். 'வேண்டாம், வேண்டாம்' என்று ஓயாமல் சொன்னால், 'அப்போ எல்லாரும் எடுக்கறாங்க போல, நாமதான் பாக்கி' என்று பிள்ளைக்குத் தோன்றும் என்பது ஆய்வாளர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று.

அதே நாட்டில் 2000இல் 'ட்ரூத்' என்று ஒரு விளம்பர இயக்கம் வந்தது. அது சிகரெட்டுக்கு எதிரானது. புத்திமதி சொல்லாமல், கம்பெனிகள் உங்களை எப்படி வளைத்துப் போடுகின்றன என்பதைப் போட்டு உடைத்தது. ஒரு விளம்பரத்தில் சிகரெட் கம்பெனி அலுவலக வாசலிலேயே 1,200 பிணப்பைகளை அடுக்கினார்கள். புகையிலையால் அந்த நாட்டில் அப்போது ஒரு நாளில் செத்தவர்களின் கணக்கு அது. 1999க்கும் 2002க்கும் இடையே மாணவர்களிடம் புகைப்பழக்கம் குறைந்ததில் ஏறக்குறைய 22 சதவீதம் இதனால்தான் என்று 2005இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. விடலைப் பருவத்துக் கோபத்தைச் சரியான ஆள்மேல் திருப்பிவிட்டார்கள், அவ்வளவுதான்.

இப்போது நான் செய்யும் வீடியோக்களில் ஊசி, பொடி எதுவும் வராது. 'உன் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் தொட்டதே இல்லை' என்பது மாதிரி ஒரு வரி வரும், அந்த இடத்துக்கு உண்மையான கணக்கு கையில் இருந்தால் மட்டும். கமெண்ட் பகுதியை யாராவது கண்காணித்தே ஆக வேண்டும். நம் வீடியோவுக்குக் கீழேயே 'வேணுமா, இன்பாக்ஸ் வா' என்று விற்கிறவன் வந்து நிற்பான், பார்த்திருக்கிறேன்.

வீடியோவைவிட இன்பாக்ஸ்தான் முக்கியம் என்பேன். அங்கே பதில் சொல்லப் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவர் இல்லையென்றால் வீடியோவே போடாதீர்கள். போன மாதம் ராத்திரி ஒன்றரை மணிக்கு ஒரு மெசேஜ்: "பிரெண்டுக்காகக் கேக்கறேன், இத நிறுத்த முடியுமா?"

ஆலோசகர் பதில் போட்டார்: "முடியும். பிரெண்டு இப்ப முழிச்சிட்டு இருக்காரா?"

"ம்."